சல்லாப சுந்தரனும் ரொட்டிக்கடைக் கித்தேரியம்மாளும்

நாயுடுபுரத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்த கித்தேரியம்மாளுக்கு ஆண்களைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் எதுவும் கிடையாது. பெண்களைப் பற்றியும் அப்படித்தான். ஆண்கள் பொய் சொல்லப் பிறந்தவர்கள், பெண்கள் அதைக் கேட்டுவிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொல்பவர்கள் என்பது அவள் கட்சி. இந்தக் கட்சியில் அவள் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருடம், மலையெல்லாம் குறிஞ்சி பூத்த மழைக்காலத்தில். அதற்கு முன்னால் அவளும் கேட்டுவிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னவள்தான்.

அவளுடைய தாய் வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரக் குடும்பமொன்றுக்கு ஆயாவாக மலையேறியவள். கித்தேரியம்மாள் அந்தப் பங்களாவின் பின்கட்டில் வளர்ந்தாள். பதினாறு வயதில் அவளை அதே பங்களாவின் பட்லர் மரியசூசைக்குக் கட்டிவைத்தார்கள். மரியசூசை யோக்கியன், குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். ஆனால் துரைசானி தன்னிடம் எப்படிப் பேசுவாளோ அப்படியேதான் அவன் பெண்டாட்டியிடம் பேசுவான். “சால்ட் கம்மி.” “தண்ணி சூடு பத்தல.” “நாளைக்கு வெள்ளனே எந்திரி.” இதற்கு மேல் அவன் வாயிலிருந்து அவள் கேட்டதாக ஒன்றும் இல்லை. பத்து வருடம் குடித்தனம் நடத்தி, ஒரு மார்கழியில் நெஞ்சுச்சளி கண்டு அவன் இறந்தபோதும், கடைசியாக அவன் வாய் திறந்தது கம்பளியை இழுத்துப் போடச் சொல்லித்தான்.

பிள்ளை இல்லை. துரை குடும்பம் ஊருக்குத் திரும்பியபோது பங்களாவின் இரும்புத் தட்டுகளையும் கேக் அச்சுகளையும் அவளுக்கு விட்டுப் போனார்கள். அவற்றை வைத்துக்கொண்டு நாயுடுபுரத்தில் ஒரு தகரக்கூரைக் கடையைப் பிடித்து, பின்னால் செங்கல் அடுப்புக் கட்டி, பன்னும் ரஸ்க்கும் போட்டாள். பள்ளிக்கூட விடுதிகளுக்குக்கூட அவள் ரொட்டி போக ஆரம்பித்தது. முப்பத்து மூன்று வயதில், யாரையும் எதிர்பார்க்காமல், குளிருக்கு அடுப்பு, வயிற்றுக்கு ரொட்டி என்று நன்றாகவே இருந்தாள். அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. ஞானவேல் வந்து சேர்ந்தான்.

ஞானவேல் பழனி அடிவாரத்துக்காரன். அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. காவடி தூக்கி வருகிற கூட்டத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விற்கிற குடும்பம் என்பதால் குரல் மட்டும் தலைமுறைச் சொத்தாக வந்திருந்தது. கடையில் உட்காரப் பிடிக்காமல் இளவயதிலேயே வீட்டை விட்டுப் போனான். எங்கெங்கோ இருந்தேன் என்பான், மதராசில் இருந்தேன் என்பான், சிலோனுக்குப் போய் வந்தேன் என்றும் ஒரு சமயம் சொன்னான். கொடைக்கானலில் அவன் பார்த்தது கைடு வேலை. மதுரை பஸ்ஸும் திண்டுக்கல் பஸ்ஸும் வந்து நிற்கிற இடத்தில் போய் நின்று, வருகிற குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு ஏரியைக் காட்டுவான், அருவியைக் காட்டுவான், குறிஞ்சியாண்டவர் கோயிலைக் காட்டுவான், மூடுபனி இறங்கிவிட்டால் எதிரே தூண்பாறை இருப்பதாகச் சொல்லி வெள்ளையாக இருக்கிற வெட்டவெளியைக் காட்டுவான். அதற்கும் சனங்கள் தலையாட்டிக்கொண்டு இனாம் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஊருக்குப் போன துரை ஒருவர் விட்டுப்போன பழுப்புநிறக் கோட்டும், கழுத்தில் சிவப்பு மப்ளரும், மைக்கோடு இழுத்த மாதிரி ஒரு மீசையும் வைத்திருந்தான். வயது நாற்பதுக்கு மேல். கோட்டுக்கு இன்னும் கூட இருக்கும். ஆனால் கொடைக்கானலில் வேறு எந்த ஆணுக்கும் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு பெண் பேசும்போது அதைக் கேட்பதுபோல் நிற்பான்.

முதல் நாள் பன் வாங்க வந்தவன், பன்னை வாங்கிக்கொண்டு பேரைக் கேட்டான். சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, “ஒன் பேரச் சொன்னா நாக்குல தேன் ஊறுது, கித்தேரி” என்றான். பத்து வருடம் “சால்ட் கம்மி” கேட்ட காதில் இது விழுந்தால் என்ன ஆகும்? அன்று அடுப்பில் இருந்த ரஸ்க் ஒரு தட்டு முழுக்கக் கரிந்துபோனது.

அடுத்த வாரம் அவள் மாவு பிசைவதைப் பார்த்துக்கொண்டு நின்று, அந்தக் கை வீணை வாசிக்க வேண்டிய கை, மாவில் கிடக்கிறது என்று வருத்தப்பட்டான். கித்தேரியம்மாள் வீணையைப் பார்த்ததே நாயக்கர் மளிகைக்கடைக் காலண்டரில், சரஸ்வதி மடியில்தான். ஆனாலும் அவன் போனபிறகு விரல்களை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டாள். அந்த வருடம் ஆவணியில் குறிஞ்சி பூக்கத் தொடங்கி மலைச்சரிவெல்லாம் நீலமாகக் கிடந்தபோது, ஒரு கொத்துப் பூவைக் கடைப்பலகையில் வைத்து, “பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா பூக்குற பூவு. நீ அதவிட அபூர்வம்” என்றான். பூவை அவள் தண்ணீரில் போட்டு மாதாபடத்துக்கு முன்னால் வைத்தாள். மாதா ஒன்றும் சொல்லவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், கல்யாணம் வரை வந்துவிட்டது. ஞானவேல் கிறிஸ்தவ வேதத்தில் சேர ஒத்துக்கொண்டான். ஞாயிறுதோறும் சாமியாரிடம் உபதேசம் படிக்கப் போனான். மந்திரங்களை அவன் இரண்டே வாரத்தில் மனப்பாடமாக ஒப்பித்ததைக் கேட்டுச் சாமியார், பிறவிக் கிறிஸ்தவர்களுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் வராது என்று வியந்தாராம். கிறிஸ்துமஸ் கழிந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிடலாம் என்று பேச்சு. அவனுக்காக அவள் ஒரு கம்பளிச் சட்டை பின்ன ஆரம்பித்திருந்தாள். பிற்காலத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் சட்டைக்குத்தான் அதிகம் வருத்தப்படுவாள். நல்ல நூல் என்பாள்.

அந்த ஐப்பசியில் ஊருக்கு ஒரு டூரிங் டாக்கீஸ் வந்தது. குறிஞ்சி பார்க்க வருகிற கூட்டத்தை நம்பி, கீழ்நாட்டுக்காரர் ஒருவர் சந்தை மைதானத்தின் ஓரம் தகரக் கொட்டகை போட்டிருந்தார். ஒருபக்கம் ஆண்கள், ஒருபக்கம் பெண்கள், நடுவில் இடுப்புயரத் தட்டி. முன்னால் தரை, பின்னால் பெஞ்சு, கடைசியில் கொஞ்சம் நாற்காலி. வாரத்துக்கு இரண்டு படம் மதுரையிலிருந்து பெட்டியில் வரும். ஊரே போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தது.

தீபாவளி நெருங்குகிற சமயம், விடாமல் மழை பிடித்துக்கொண்டது. பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து ரோடு மூடிப்போனது. மேலே பூம்பாறைப் பாதையிலும் மரம் விழுந்து கிடந்தது. புதுப்படப் பெட்டி வத்தலக்குண்டோடு நின்றுவிட்டது. கொட்டகைக்காரர், சனம் வந்துவிட்டதே என்று, தன்னிடம் வெகுகாலமாகத் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய பெட்டியைத் திறந்தார். பேசும்படம் வந்த புதிதில் எடுத்த படம். பேர் ‘சல்லாப சுந்தரன்’. அந்தக் காலத்தில் பழனி அடிவாரத்துக் கொட்டகையில் மாதக்கணக்கில் ஓடியதாம். மலைமேல் ஒருவரும் பார்த்ததில்லை.

ஞானவேல் அன்று ஊரில் இல்லை. காரைக்குடிக் குடும்பம் ஒன்றைப் பூம்பாறைக் கோயிலுக்குக் கூட்டிப்போனவன் மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தான்.

கித்தேரியம்மாள் படத்துக்குத் தனியாகப் போகவில்லை. கவுஞ்சியிலிருந்து சிவபாக்கியம் என்கிற விதவை, உருளைக்கிழங்கும் பூண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தவள், பாதை அடைபட்டு ஊர் திரும்ப முடியாமல் ரொட்டிக்கடையிலேயே தங்கியிருந்தாள். இரண்டு பேருக்கும் வருடக்கணக்கான பழக்கம். கடையில் போடுகிற கட்லெட்டுக்குக் கிழங்கு சிவபாக்கியத்திடம்தான். ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். பின்னால் நாற்காலியில் செல்வமேரி டீச்சர், மடித்த குடையை மடியில் வைத்துக்கொண்டு.

படம் ஓடியது. கதை பெரிதாக ஒன்றும் இல்லை. சுந்தரன் என்கிற ஜமீன்தார் மகனுக்கு வேறு சோலி கிடையாது. கண்ணில் பட்ட பெண்களையெல்லாம் மயக்கிக் காட்டுகிறேன் என்று சிநேகிதனிடம் பந்தயம் கட்டுகிறான். பாட்டு வாத்தியாராக ஒரு வீட்டுக்குள் நுழைகிறான், வைத்தியராக ஒரு வீட்டுக்குள், குருட்டுச் சாமியாராக இன்னொரு வீட்டுக்குள். எங்கே போனாலும் இரண்டு பாட்டு. கதாநாயகன் கன்னம் உப்பி, நெற்றியில் சுருள்முடி ஒட்டிக்கொண்டு, பாடி முடித்ததும் மூச்சு வாங்கினான். ஆனால் மீசை மட்டும் மைக்கோடு இழுத்த மாதிரி இருந்தது. அதை முதலில் கித்தேரியம்மாள் கவனிக்கவில்லை.

முதல் நாயகியைத் தோட்டத்தில் பார்த்ததும் சுந்தரன் சொன்னான்: “அத்தி பூத்தாற்போல் வந்தாய், சுந்தரி! அத்திப் பூவினும் அபூர்வம் நீயன்றோ!”

கித்தேரியம்மாளுக்கு எங்கோ இடித்தது. இடித்தாலும், உலகத்தில் பூவும் பெண்ணும் ஒன்றென்று பேசுவது வழக்கம்தானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அடுத்த கட்டத்தில் சுந்தரன் நாயகியின் பேரைக் கேட்டு, கண்ணை மூடி, ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். சரியாக அதேபோல், தலையை இடதுபக்கம் லேசாகச் சாய்த்து. “உன் நாமத்தை உச்சரித்தால் என் நாவில் தேன் சுரக்கிறதே!”

போர்வைக்குள் கித்தேரியம்மாள் கல்லாகிப்போனாள். அந்தச் சமயத்தில்தான் அவள் பக்கத்தில், அதே போர்வைக்குள்ளிருந்து, சிவபாக்கியம் தன்னை அறியாமல் வாய்விட்டு, “இது எனக்குல்ல சொன்னது” என்றாள்.

கித்தேரியம்மாள் திரும்பிப் பார்த்தாள். திரைவெளிச்சத்தில் சிவபாக்கியத்தின் முகம் நன்றாகத் தெரிந்தது. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

பாட்டு வாத்தியார் கட்டம் வந்தது. “இந்தக் கரங்களுக்கு வீணையன்றோ ஆபரணம்!” என்று சுந்தரன் நாயகியின் கையைப் பிடித்ததும், பின்னால் நாற்காலி ஒன்று நகர்கிற சத்தம் கேட்டது. செல்வமேரி டீச்சர் எழுந்துவிட்டாள். குடை கீழே விழுந்தது. எடுக்காமலே போனாள். சுண்ணாம்புக்கட்டி பிடிக்கிற கையும் வீணை வாசிக்க வேண்டிய கையாகத்தான் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு பெண்கள் பக்கம் முழுக்க ஒரு சலசலப்பு. தபாலாபீசுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த அழகம்மாள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். யாரோ ஒருத்தி முதலில் சிரித்தாள். பிறகு அது பரவியது. ஞானவேல் எதுவும் சொல்லியிராத பெண்கள், கணவனோடு வந்த பெண்கள், கிழவிகள் எல்லோரும் சிரித்தார்கள். சுந்தரன் ஒரு வசனம் பேசினால் பெண்கள் யார் நெளிகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். தட்டிக்கு அந்தப்பக்கம் இருந்த ஆண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. காதல் கட்டத்தில் இந்தப் பொம்பளைகள் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று தட்டிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

இடைவேளையில் பாதிப் பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். சிவபாக்கியம் தலைவலிக்கிறது என்று சாவியை வாங்கிக்கொண்டு போனாள். கித்தேரியம்மாள் போகவில்லை. போர்வை அவளுக்கே முழுசாகக் கிடைத்தது. இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். திரையில் இருக்கிற அந்தச் சுந்தரி, உண்மை தெரிந்ததும் என்ன செய்கிறாள் என்று அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

சுந்தரி ஒன்றும் செய்யவில்லை. குட்டு உடைந்த சுந்தரன் மழையில் நனைந்துகொண்டு அவள் வாசலில் வந்து விழுந்து, வண்டு, சிறகு, பாதத்தூசி என்று நீளமாகப் பேசினான். அவள் அழுதாள், தூக்கி நிறுத்தினாள், மாலை போட்டாள், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடினார்கள். கித்தேரியம்மாளுக்குச் சுந்தரன்மேல் வந்த கோபத்தைவிட இந்தச் சுந்தரிமேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. இவ்வளவு பெரிய வீட்டில் விளக்குமாறு ஒன்றுகூடவா இல்லை என்று தோன்றியது.

மறுநாள் விடிந்ததும் இரண்டு பெண்களும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி மாவு பிசைய, ஒருத்தி பூண்டு உரித்தாள். தேன், பூ, வீணை எல்லாம் இருவருக்கும் பொதுவாக வந்திருந்தது. அத்தியைக் குறிஞ்சியாக மாற்றியது ஒன்றுதான் அவன் சொந்த உழைப்பு. அதையும் இரண்டு பேருக்கும் கொடுத்திருந்தான். ஒரே ஒரு வித்தியாசம், கித்தேரியம்மாளிடம் கல்யாணப் பேச்சு இருந்தது, சிவபாக்கியத்திடம் அது இல்லை. அவளிடம் அவன் வருவது அறுவடைக் காலத்தில் மட்டும்தானாம். சொல்லிவிட்டுச் சிவபாக்கியம் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பூண்டு உரித்த எரிச்சலாகவும் இருக்கலாம். கித்தேரியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. இவள் எதற்காகச் சிரிக்கிறாள் என்றிருந்தது. மதியத்துக்கு மேல் பாதை திறந்ததும் சிவபாக்கியம் மலையேறிப் போனாள்.

அதே பாதையில்தான் ஞானவேல் இறங்கி வந்தான். எதிர்ப்பட்ட காய்கறி வண்டிக்காரன் ஒருவன், கொட்டகையில் என்ன படம் ஓடியது, பெண்கள் எப்படிச் சிரித்தார்கள் என்பதையெல்லாம் அவனுக்குச் சொல்லியிருக்கிறான். கூடவே, பெண்களெல்லாம் படம் பிடிக்காமல் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள் என்றும் சொல்லியிருக்கிறான். ஞானவேலின் புத்தி எவ்வளவு வேகமானது என்பதற்கு இது ஒன்று போதும். பாதியில் போனவர்கள் கடைசி ரீலைப் பார்த்திருக்க மாட்டார்கள் அல்லவா?

சாயங்காலம், தூறலில் தொப்பலாக நனைந்து, தலையில் துண்டுகூடப் போடாமல் ரொட்டிக்கடை வாசலில் வந்து நின்றான். கடையில் வேறு ஆள் இல்லை. கித்தேரியம்மாள் மறுநாளைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவன் கையைக் கூப்பினான்.

“நான் பாவி, கித்தேரி. பூவுக்குப் பூ தாவுன வண்டு. இன்னைக்கு ரெக்க ஒடிஞ்சு ஒன் வாசல்ல வந்து விழுந்து கெடக்கேன்.”

அவள் பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த ஆள் இப்படித்தான் செய்வான் என்று இரவெல்லாம் நினைத்திருந்தாள். ஆனால் ஒரு சொல் விடாமல் செய்வான் என்று நினைக்கவில்லை.

“ஒன் காலு தூசி...” என்றான் அவன். குளிரில் நடுங்கியதோ, இருபது வருட ஞாபகம் தட்டியதோ, அதோடு நின்றுவிட்டது. மறுபடி, “ஒன் காலு தூசி...” என்றான்.

“தான் இனி எனக்கு மோட்சம்” என்றாள் கித்தேரியம்மாள், மாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“தான் இனி எனக்கு மோட்சம்” என்று அவனும் பிடித்துக்கொண்டான், எடுத்துக்கொடுத்தது யார் என்ற நினைப்பே இல்லாமல். “நீ ஏத்துக்கிட்டா நான் மனுசன்...”

“மறுத்தா மண்ணு. அப்புறம் அந்தப் பிள்ள அழும். பாட்டு எப்ப ஆரம்பிக்குது?”

ஞானவேலின் கைகள் கூப்பியபடியே நின்றன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழே இறங்கின. பிறகு அவன் பேசியதைக் கித்தேரியம்மாள் பின்னால் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை, துண்டுதுண்டாகத்தான் சொல்வாள். வாலிபத்தில் பழனிக் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிற வேலையில் இருந்தானாம். அந்தப் படத்தைத் தினம் இரண்டு ஆட்டம், மாதக்கணக்கில் பார்த்தானாம். அதற்கு முன்னால் பெண்பிள்ளைகளிடம் பேச நாக்கு எழாதாம். அப்பாவின் கடையில் வியாபாரத்துக்குக் கூவுவதைத் தவிர வேறு பேச்சே தெரியாதாம். படம் அவனுக்கு வாயைக் கொடுத்ததாம். வார்த்தைதான் இரவல், சொன்னபோது மனசு நிஜம்தான் என்றான்.

“அப்ப ஒன் சொந்த வாயில ஒண்ணு சொல்லு பாப்போம்” என்றாள் அவள். அதுவரை அவள் அவனை ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிட்டு வந்தாள். அன்று அது தானாக உதிர்ந்துபோனது. “படத்துல இல்லாதது. என்ன வேணும் ஒனக்கு?”

அவன் நின்றான். யோசித்தான். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த வாயில் வருவதற்கு எதையோ தேடுகிறவன்போல் கடைக்குள் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கடைசியில், “பசிக்குது” என்றான்.

இரண்டு பன்னைத் தாளில் சுற்றிப் பலகைமேல் வைத்தாள். அவன் எடுத்துக்கொண்டதும் அரைக்கதவைச் சாத்தினாள். நாய்க்குப் போடுகிறோமே, அப்படித்தான் போட்டேன் என்று பின்னால் சொல்வாள். ஆனால் நாய்க்கு யாரும் தாளில் சுற்றிக் கொடுப்பதில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் அவளுக்குக் கடைசிவரை ஆறாத விஷயம். ஒரு மாதம் ஞானவேல் தலைகாட்டவில்லை. காட்டியபோது ஆண்கள் அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, “ஏலே சல்லாபம், அந்த வீணை வசனத்தச் சொல்லுலே” என்று கேட்டுக் கேட்டு மகிழ்ந்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவனும் நடித்துக் காட்டினான். தை மாதத்துக்குள் அவன் ஊரின் வேடிக்கைப் பிள்ளையாகிவிட்டான். செல்வமேரி டீச்சரோ பாவம், குடையை எடுக்கக்கூடத் திரும்பி வராதவள், பேச்சுத் தாங்காமல் பெரியகுளம் பக்கம் வேலை மாற்றிக்கொண்டு போனாள். ஏமாந்தவள் ஊரைவிட்டுப் போனாள், ஏமாற்றியவன் ஊர்க்காசில் டீ குடித்தான். சாமியார் மட்டும், அவ்வளவு அருமையாக மந்திரம் சொன்னவன் ஞானஸ்நானத்துக்கு வராமல் போனானே என்று வருத்தப்பட்டார். அவருக்கு யாரும் படத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

அறுபதாம் வருடம் சிவபாக்கியம் அவனைக் கவுஞ்சிக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டாள். ஊர் முன்னால் தாலியும் கட்டிக்கொண்டாள். சேதி கேட்டுக் கித்தேரியம்மாள் கிழங்கு வாங்குவதை நிறுத்தினாள். இரண்டு வருடம் கழித்து ஒரு சந்தை நாளில் சிவபாக்கியமே மூட்டையோடு கடைக்கு வந்தாள். எல்லாம் தெரிந்திருந்தும் இந்தக் குழியில் ஏன் விழுந்தாய் என்று இவள் கேட்டதற்கு, அவள் நிதானமாகப் பதில் சொன்னாள்.

“நான் எங்கக்கா விழுந்தேன்? ஒரு வார்த்த பேசப்பிடாதுன்னுதான் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு வருசமாப் பேசாம கெழங்கு தோண்டுறான். வெள்ளனே எந்திரிக்கான். பனியில ஒத்தையாக் கெடந்து பாத்தியா நீ, எங்க காட்டுல?”

இதைக் கேட்டு ஒப்புக்கொள்கிற பெண்ணில்லை கித்தேரியம்மாள். கிழங்கை மட்டும் மறுபடி வாங்க ஆரம்பித்தாள், முன்னைவிடக் கறாராகப் பொறுக்கி.

அவளுக்கும் ஒரு வரன் வராமல் இல்லை. வத்தலக்குண்டிலிருந்து மைதா மூட்டை ஏற்றிவருகிற லாரி டிரைவர் அடைக்கலம், பெண்டாட்டி இறந்தவர், ஒரு நாள் மூட்டையை இறக்கிவிட்டு நெடுநேரம் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்து, சாமியாரிடம் பேசட்டுமா என்று மட்டும் கேட்டார். நல்ல மனிதர். முகத்தில் சூது இல்லை. அவரை அவள் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். தேன் ஒழுகப் பேசுகிறவனையும் பார்த்தாயிற்று, “சால்ட் கம்மி”யோடு பத்து வருடமும் இருந்தாயிற்று, மூன்றாவதாக ஒரு ரகத்தைப் பரீட்சை பார்க்க அவளுக்கு ஆசையில்லை. அடுப்பு இருந்தது, வேலை இருந்தது, ராத்திரி கம்பளியை யாரும் இழுப்பதில்லை. இதைவிட ஒரு பெண்ணுக்கு மலைமேல் என்ன வேண்டும் என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ஆனால் ஊர் இதையும் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டது. அடைக்கலத்தை அவள் மறுத்த சேதி பரவியதும், பாவம், அந்த ஞானவேலை நினைத்துக்கொண்டு அப்படியே இருக்கிறாள் என்று நாயுடுபுரத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். கொட்டகையில் வயிறு வலிக்கச் சிரித்த அதே பெண்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்றும் கேள்வி. அடுத்த வீட்டுக் கண்மணி ஒரு நாள் பன் வாங்க வந்தபோது, தலையைச் சாய்த்து, குரலை இறக்கி, மனசுக்குள் வைத்துக்கொண்டு வாழ்வது பெரிய காரியம் அக்கா என்றாள். கித்தேரியம்மாள் முழங்கைவரை மாவோடு நிமிர்ந்தாள்.

“எத வச்சிருக்கேன்? என் மனசுக்குள்ள நாளைக்கு எத்தன ரொட்டி போடணும்ங்கிற கணக்குதான்டி கெடக்கு. பன்ன வாங்கிட்டு வெரசா நட, அடுப்பு காயுது.”

கண்மணி அதையும் நம்பவில்லை. துக்கத்தை மறைக்கத்தான் அக்கா கோபப்படுகிறாள் என்று தெருவில் போய்ச் சொன்னாள். அறுபத்தாறில் கித்தேரியம்மாள் பக்கத்து இடத்தையும் பிடித்து, பெரிய அடுப்பாக இன்னொன்று கட்டினாள். கட்டி முடித்த அன்று சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்க வைத்து, தெருவுக்கெல்லாம் கேக் வெட்டிக் கொடுத்தாள். அந்தக் கேக்கைத் தின்றுகொண்டும் அவர்கள் அவளைப் பரிதாபமாகத்தான் பார்த்தார்கள்.